தாழையூத்துக்கு வந்த சேப்பாக்கம்

1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட், கடைசி ஓவரில் ஒரு பந்து மீதமிருக்கும்போது சமனில் முடிந்தது. டெஸ்ட் சரித்திரத்தில் அதற்கு முன் ஒரே ஒரு ஆட்டம்தான் அப்படி முடிந்திருந்தது. சென்னை வெயிலில் வாந்தி எடுத்து எடுத்து டீன் ஜோன்ஸ் 210 ரன் அடித்ததும், மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆனதும் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு வானொலி வழியாகத்தான் வந்து சேர்ந்தன. அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி போன்றவர்களின் தமிழ் வர்ணனைதான் அன்றைக்கு எங்களுக்குச் சேப்பாக்கம். அந்த மைதானத்தின் புல் என்ன நிறம், கடல் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்பதெல்லாம் அந்தக் குரல்கள் சொல்லித்தான் தெரியும்.

36 ஆண்டுகள் கழித்து, 2022 ஜூன் 23 அன்று, தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் ஆறாவது சீசன் தொடங்கியது. தொடக்க ஆட்டம் நடந்த இடம் திருநெல்வேலிக்கு வடக்கே, மதுரை சாலையில், தாழையூத்தை ஒட்டிய சங்கர் நகர் இந்தியா சிமென்ட்ஸ் மைதானம். நெல்லை ராயல் கிங்ஸும் சேப்பாக் சூப்பர் கில்லீஸும் ஆடின. அந்த ஆட்டமும் சமனில் முடிந்தது. சூப்பர் ஓவரில் நெல்லை வென்றது. எந்தச் சேப்பாக்கத்தைக் காதால் மட்டுமே கேட்டு வளர்ந்தோமோ, அந்தப் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்ட பதினொரு பேர் எங்கள் ஊர் சிமென்ட் ஆலை நிழலுக்கு வந்து, எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டிருந்தவர்களிடம் தோற்றுப் போனார்கள்.

இந்த மாற்றம் சின்ன விஷயம் இல்லை. கிரிக்கெட்டில் சென்னைக்கும் மாவட்டங்களுக்கும் இடையே இருந்த பாதை எங்கள் காலத்தில் ஒருவழிப் பாதை. ஆட்டக்காரன்தான் சென்னைக்குப் போக வேண்டும். ஆட்டம் ஒருநாளும் அவனைத் தேடி வராது. இன்றைக்கு ஆட்டம் வருகிறது, விளக்கு வருகிறது, கேமரா வருகிறது. வந்ததில் எது ஊருக்குத் தங்கியது, எது ஊரைக் கடந்து போனது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். அதற்கு 2023 சீசனை எடுத்துக்கொள்கிறேன். நெல்லை அணி இறுதி வரை வந்த சீசன், அந்த இறுதி ஆட்டம் எங்கள் ஊரிலேயே நடந்த சீசன் அது.

முதலில் அன்றைய கதை. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் நாங்கள் மாவட்ட லீக் ஆடினோம். புல் ஆடுகளம் என்பது படத்தில் பார்ப்பது. எங்களுடையது தென்னை நார் மேட். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான்கு பேர் கல்லூரி மைதானத்து வாட்ச்மேன் அறையிலிருந்து அந்தச் சுருளைத் தோளில் சுமந்து வருவோம். ஈரம் பட்ட மேட்டின் கனம் தனி. தோளில் நார் குத்திய தடம் சாயங்காலம் வரை இருக்கும். களத்தின் சரள் மண்ணில் குடத்தால் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, மண் இறுகியதும் மேட்டை விரிப்போம். ஒரு முனையில் இரண்டு பேர், மறுமுனையில் இரண்டு பேர் உட்கார்ந்து, காலை மண்ணில் ஊன்றிக்கொண்டு இழுக்க வேண்டும். இழுத்துப் பிடித்திருக்கும்போதே ஒருவன் ஓர வளையங்களில் இரும்பு ஆணியை வைத்துச் சுத்தியலால் அடிப்பான். மேட் தளர்ந்தால் பந்து செத்து விழும். இறுகினால் மார்புக்கு எகிறும். அதனால் டாஸ் ஜெயித்த கேப்டன் முதலில் செய்யும் வேலை, குனிந்து மேட்டைக் கிள்ளிப் பார்ப்பது. அந்த மேட்டில் ஆஃப் ஸ்பின் போடத் தெரிந்தவன் ராஜா. முன்னங்காலில் ஆடிப் பழகியவனுக்குக் கஷ்ட காலம்.

அணிக்கு ஒரு கிட் பை. அதில் இரண்டு ஜோடி பேடு, இரண்டு ஜோடி கிளவுஸ், மூன்று மட்டை. அவுட் ஆகி வருகிறவன் எல்லைக்கோட்டைத் தாண்டுமுன்பே பேடைக் கழற்றத் தொடங்குவான். அடுத்து இறங்குகிறவன் அங்கேயே உட்கார்ந்து மாட்டிக்கொள்வான். நடுவர் வேலைக்கும் ஸ்கோர் புத்தகத்துக்கும் பேட்டிங் செய்யும் அணியிலிருந்தே ஆட்கள். அம்பாசமுத்திரத்திலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் வரும் அணிகள் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகப் பேருந்தில் முதல் வண்டி பிடித்து வருவார்கள். கிட் பைக்கு லக்கேஜ் போடச் சொல்லி நடத்துநர் கேட்பார். பார்வையாளர்கள் என்று பெரிதாக யாரும் இல்லை. மரத்தடியில் மாடு மேய்ப்பவர் ஒருவர், விடுதி மாணவர்கள் சிலர், மட்டை பிடிக்கும் முறையைப் பார்த்தே ஆளின் தரத்தைச் சொல்லிவிடும் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரி வரும். பெயரில் எழுத்துப் பிழை இல்லாமல் வந்தால் அந்த வாரம் முழுக்கத் திருநாள்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆட வேண்டும் என்று நினைத்த எவனுக்கும் அன்றைக்கு ஆட இடம் இருந்தது. கல்லூரி மைதானங்கள் திறந்து கிடந்தன. பள்ளி மைதானங்களுக்குச் சுவர் இருந்தாலும் அதில் ஆள் நுழையும் அளவுக்கு வழி இருந்தது. கோடையில் ஒரே மைதானத்தில் நான்கைந்து ஆட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக நடக்கும். ஒரு அணியின் லாங் ஆன், இன்னொரு அணியின் ஸ்லிப்புக்குப் பக்கத்தில் நின்றிருப்பான். எந்தப் பந்து யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். காசு கேட்க ஒருவரும் வந்ததில்லை.

எங்கள் அணியில் ஒரு இடக்கை வேகப்பந்து வீச்சாளர் இருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மேட்டில் பந்தைக் குத்தி எகிற வைக்காமல், காலடியில் இறக்கத் தெரிந்தவர். மாவட்டத்தில் அவர் பந்துக்கு நின்று ஆடியவர்கள் குறைவு. ஒருமுறை மாநிலத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. நெல்லை எக்ஸ்பிரஸ் இரவெல்லாம் ஓடி எழும்பூரில் இறக்கிவிட்டது. வலைப்பயிற்சியில் அவர் முறை வந்தபோது மாலை வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பழைய பந்து ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். ஓர் ஓவருக்குச் சற்று அதிகமாகப் போட்டிருப்பார், போதும் என்றார்கள். புல் ஆடுகளத்தில் அவர் பந்து வீசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. தேர்வு செய்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்குத் தெரிந்த முகங்கள் சென்னை லீக்கில் வாராவாரம் ஆடிக்கொண்டிருந்தன. நானூறு மைல் தள்ளி மேட்டில் ஒருவன் விக்கெட் எடுப்பது அவர்களுக்கு வெறும் தாளில் உள்ள எண். இப்போது அவர் டவுனில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். நெல்லை ஆட்டம் என்றால் ஷட்டரைச் சீக்கிரமே இறக்கிவிட்டு என்னோடு தாழையூத்துக்கு வந்துவிடுவார்.

2016இல் இந்த லீக் பிறந்த சூழலே விசித்திரமானது. சென்னை சூப்பர் கிங்ஸ் இரண்டு ஆண்டுத் தடையில் இருந்தது. தமிழ்நாட்டு ரசிகனுக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஓர் அணி இல்லாத வருடம். அந்த வருடம்தான் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் எட்டு அணிகளோடு தன் சொந்த லீக்கைத் தொடங்கியது. சென்னை, திண்டுக்கல் மாவட்டம் நத்தம், சங்கர் நகர் என்று மூன்று இடங்களில் ஆட்டங்கள். நத்தத்தில் என்.பி.ஆர். கல்லூரி மைதானம், இங்கே சிமென்ட் ஆலை மைதானம். இரண்டும் பெருநகரத்தில் இல்லை. ஆகஸ்ட் 24 அன்று தொடங்கிய போட்டி செப்டம்பர் 18 அன்று முடிந்தபோது, இறுதியில் தூத்துக்குடியின் பெயர் தாங்கிய ஆல்பர்ட் டுட்டி பேட்ரியாட்ஸ், சேப்பாக் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 122 ரன் வித்தியாசத்தில் வென்றது. 1986 வரை தூத்துக்குடியும் நெல்லை மாவட்டம்தான். லீக் தொடங்கியபோது எங்களுக்கென்று அணி கிடையாது. ஆனாலும் தாமிரபரணி பாயும் இடமெல்லாம் அந்த வெற்றியை எங்களுடையதாகவே எடுத்துக்கொண்டோம்.

அந்த முதல் சீசனிலேயே இந்த லீக்கின் பயன் என்ன என்று தெரிந்துவிட்டது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து ஆடி வளர்ந்த தங்கராசு நடராஜன், திண்டுக்கல் டிராகன்ஸுக்காக யார்க்கர்களாக இறக்கினார். தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. 2017 பிப்ரவரியில் ஐ.பி.எல். ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரை 3 கோடிக்குப் பஞ்சாப் அணி எடுத்தது. 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். கட்டடக் கலை படித்து, வேலையை விட்டுவிட்டு, சுழற்பந்தில் புதுப் புது வகைகளைத் தானே உருவாக்கிக்கொண்ட வருண் சக்கரவர்த்தி, 2018இல் மதுரை பேந்தர்ஸ் கோப்பையை வெல்லக் காரணமாக இருந்தார். அந்த டிசம்பரிலேயே 20 லட்சம் அடிப்படை விலை 8.40 கோடியாக ஏறியது. 2021இல் கோவை அணிக்காக முதல் ஆட்டத்திலேயே 87 அடித்த சாய் சுதர்சன், நான்கு ஆண்டுகளில் ஐ.பி.எல். ஆரஞ்சுத் தொப்பியையும் இந்திய டெஸ்ட் தொப்பியையும் பெற்றார். என் கடைக்கார நண்பர் நடராஜன் பந்து வீசும்போது மட்டும் பேசமாட்டார். ஒருமுறை ஓவர் முடிந்ததும் சொன்னார்: "இவனும் என்னை மாதிரி இடக்கைதான் வே. இவன் போட்டதை நாடே பாத்துது. நான் போட்டதை அஞ்சு பேரு பாத்தாவ, அதுலயும் மூணு பேரு எழுந்திரிச்சுப் போயிட்டாவ."

2023 சீசனுக்கு வருவோம். அந்தப் பிப்ரவரியில்தான் லீக்கில் முதல் தடவையாக வீரர்களுக்கு ஏலம் நடந்தது. ஒவ்வொரு அணிக்கும் 70 லட்சம் வரம்பு. சாய் சுதர்சனைக் கோவை 21.60 லட்சத்துக்கு எடுத்தது. ஐ.பி.எல்.லில் குஜராத் அணி அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது 20 லட்சம். உலகத்திலேயே பணம் கொழிக்கும் லீக்கைவிட, மாவட்டப் பெயர்கள் ஆடும் லீக் ஒரு பையனுக்கு அதிக விலை வைத்தது. அவர் அருமை இங்கே இருந்தவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஜூன் 12 அன்று கோயம்புத்தூரில் தொடங்கிய சீசன், நத்தத்துக்கும் சேலம் வாழப்பாடிக்கும் போய், ஜூலையில் எங்களிடம் வந்தது. அந்த ஆண்டு சென்னையில் ஓர் ஆட்டம்கூட இல்லை. சேப்பாக் என்ற பெயரில் ஓர் அணி ஊர் ஊராகப் போய் ஆடியது, சேப்பாக்கம் மட்டும் சும்மா இருந்தது. எழும்பூரில் இறங்கி முகவரி விசாரித்து நடந்தவர்கள் இதைக் கேட்டால் நம்பமாட்டார்கள். கோவையில் நடந்த இரண்டாம் நாள் ஆட்டத்தில் இருபதாவது ஓவரின் கடைசிப் பந்துக்கு, நோ பால்களும் வைடும் சேர்ந்து 18 ரன் போனது. உலகமெல்லாம் அதைப் பார்த்தது. லண்டனில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிக்குப் போயிருந்த அஸ்வின், அது முடிந்த மூன்றாம் நாளே கோவையில் திண்டுக்கல் அணிக்காகப் பந்து வீசினார். ஜூலை 12 அன்று நாங்கள் இறுதி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த அதே நாளில் அவர் டொமினிகாவில் வெஸ்ட் இண்டீஸின் ஐந்து விக்கெட்டை எடுத்தார். பெரிய ஆட்டமும் சின்ன ஆட்டமும் ஒரே ஆளின் கையில் இருந்தன. வளரும் பையனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அந்த ஜூன் மாதத்திலேயே இன்னொன்று நடந்தது. அதற்கு விளக்கும் வெடியும் குறைவு. எனக்கோ அந்த சீசனிலேயே பெரிய செய்தி அதுதான். நடராஜன் தன் சொந்தக் கிராமமான சின்னப்பம்பட்டியில் ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டி, தினேஷ் கார்த்திக்கை அழைத்துத் திறந்தார். லீக்கின் மூலம் ஊரை விட்டு மேலே போன ஒருவர், சம்பாதித்ததைக் கொண்டு அதே ஊரில் மண்ணைச் சமப்படுத்திப் புல் வளர்த்தார். அதே ஊரைச் சேர்ந்த பெரியசாமி 2019 இறுதியில் சேப்பாக் அணிக்காக ஐந்து விக்கெட் எடுத்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தது நினைவிருக்கும். ஒரு கிராமம் இரண்டு வேகப்பந்து வீச்சாளர்களைக் கொடுத்தது தற்செயல் இல்லை. முதலாமவர் இரண்டாமவருக்கு வழிகாட்டினார். இப்போது மூன்றாமவருக்கு மைதானமும் இருக்கிறது.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் முடிந்த கையோடு ஊருக்கு இரண்டாவது திருவிழா வந்தது. ஜூலை 10, இரண்டாவது குவாலிஃபயர். எதிரே திண்டுக்கல் 185 ரன் எடுத்திருந்தது. நெல்லை துரத்தித் துரத்திக் கடைசி இரண்டு ஓவரில் 37 ரன் என்ற நிலைக்கு வந்து நின்றது. களத்தில் அஜிதேஷ், ரித்திக் ஈஸ்வரன். எங்களுக்கு முன்வரிசையில் இருந்த குடும்பம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டது. பஸ் கிடைக்காது என்ற கவலை. 19ஆவது ஓவரின் முதல் சிக்ஸர் போனதும் அந்த அம்மா நின்றார். அடுத்தது போனதும் பையை இறக்கி வைத்தார். பிறகு அந்த வரிசையில் யாரும் உட்காரவில்லை. பந்து விளக்குக் கம்பத்தின் வெளிச்சத்தைத் தாண்டி இருட்டுக்குள் போய், மறுபடி வெளிச்சத்துக்குள் வந்து, கூட்டத்துக்குள் விழும். அது விழும் இடத்தில் மட்டும் கூட்டம் ஒரு நொடி விலகி, உடனே மூடிக்கொள்ளும். ஒரே ஓவரில் 33 ரன். கடைசி ஓவருக்கு மிச்சம் நான்கே ரன். கடைக்காரர் என் கையைப் பிடித்த பிடியில் விரல் தடம் பதிந்திருந்தது. நெல்லை இறுதிக்குப் போனது.

வெளியே வரும்போது பதினைந்து வயதுப் பையன் ஒருவன், கேட்டுக்கு அருகே நின்ற பெரியவரிடம் கேட்டுக்கொண்டிருந்தான்: "அண்ணாச்சி, அஜிதேஷ் எந்த ஊரு? பாளையங்கோட்டையா, டவுனா?" பெரியவருக்குத் தெரியவில்லை. "நம்ம ஊருக்கு ஆடுதாம்லா, பொறவு என்ன" என்றார். பையனுக்கு அந்தப் பதில் போதவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஜூலை 12 இறுதி ஆட்டம் கைகூடவில்லை. ஷாருக் கான் தலைமையிலான கோவை, சுரேஷ்குமார், முகிலேஷ், அதீக் உர் ரகுமான் ஆகிய மூவரின் அரை சதங்களோடு 205 எடுத்தது. நெல்லை 101க்குச் சுருண்டது. 104 ரன் தோல்வி. முந்தைய ஆண்டு மழையால் கோப்பையைச் சேப்பாக்கோடு பகிர்ந்துகொண்ட கோவைக்கு இது முழுக் கோப்பை. ஜாதவேத் சுப்ரமணியனின் சுழல் எங்கள் நடு வரிசையை உடைத்தபோதும் பெரும்பாலானவர்கள் எழுந்து போகவில்லை. கோப்பை வாங்கும்போது கோவை வீரர்களுக்கும் கை தட்டினார்கள். நல்ல ஆட்டம் தெரிந்த ஊர் எங்களுடையது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்தப் பையனின் கேள்விக்கு நான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். லீக்கின் கடந்த காலத்தைப் புரட்டினால் அவன் கேள்வியின் நியாயம் புரியும். நெல்லை ராயல் கிங்ஸ் முதலில் திருவள்ளூர் வீரன்ஸாக இருந்தது. பிறகு காஞ்சி வீரன்ஸ் ஆனது. 2021இல் நெல்லை ஆனது. கொரோனாவால் 2020 சீசன் ரத்தாகி, 2021 முழுக்க ஆளில்லாச் சேப்பாக்கத்தில் நடந்ததால், எங்கள் அணி எங்கள் பெயரோடு ஆடிய முதல் சீசனில் எங்கள் ஊர் மண்ணையே மிதிக்கவில்லை. முதல் சாம்பியனான தூத்துக்குடி அணி சேலத்துக்குப் போய்விட்டது. காஞ்சிபுரம் ஓர் அணியைத் திருச்சிக்கும் இன்னோர் அணியை எங்களுக்கும் இழந்தது. காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸாக மாறியது. அந்த அணிதான் 2025இல் திண்டுக்கல்லை 118 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தி முதல் கோப்பையை எடுத்தது. காரைக்குடியில் 2016இல் அந்த அணிக்குக் கொடி பிடித்த சிறுவன் அன்றைக்கு யாருக்குக் கை தட்டியிருப்பான்? முதலாளிகளுக்கு இதில் கணக்கு இருக்கும், அதை நான் குறை சொல்லவில்லை. ரசிகனின் பாசத்துக்கும் ஒரு கணக்கு உண்டு, அதை யாராவது எழுதி வைக்க வேண்டும்.

பணம் வரும் இடத்துக்குப் பின்னாலேயே வரும் நோயும் வந்தது. 2019இல் சூதாட்டக்காரர்கள் வீரர்களை அணுகியதாகப் புகார் எழுந்து கிரிக்கெட் வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவு விசாரித்தது. அந்தப் பிரிவிடம் போய்த் தகவல் சொன்னவர்கள் வீரர்கள்தான் என்பதில் ஓர் ஆறுதல். மாவட்டப் பையனுக்குப் பந்து வீசச் சொல்லிக் கொடுப்பதோடு, இப்படி ஆள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுக்கும் காலம் இது.

ஆனால் என் பெரிய கவலை வேறு. அன்று ஆட இடம் இருந்தது, பார்க்கக் கண் இல்லை. இன்று பார்க்க ஆயிரம் கண், ஆட இடம் சுருங்கிவிட்டது. நாங்கள் மேட் விரித்த இடங்கள் பலவற்றில் இப்போது கட்டடம். மிச்சமிருக்கும் மைதானங்களுக்கு உயர்ந்த சுவர், பூட்டிய கேட். தெருவில் பந்தைத் தட்டினால் நிறுத்தியிருக்கும் கார்க்காரர் சண்டைக்கு வருகிறார். பைபாஸ் ஓரமெல்லாம் வலை கட்டிய டர்ஃப் முளைத்திருக்கிறது. மணிக்கு இவ்வளவு என்று போனில் பதிவு செய்து, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு ஆட வேண்டும். வேலைக்குப் போகும் இளைஞனுக்கு அது சரி. அப்பா ஆட்டோ ஓட்டும் எட்டாம் வகுப்புப் பையன் அந்தப் பங்கை எங்கே கொடுப்பான்? அந்தச் சின்ன வலைக்குள் யார்க்கர் பழகலாம்; வேகப்பந்து வீச்சாளனின் முழு ஓட்டத்தைப் பழக முடியாது, வானத்தில் போன பந்துக்கு அடியில் ஓடிப் போய் நிற்கப் பழக முடியாது. நெல்லை ராயல் கிங்ஸ் சட்டை போட்ட சிறுவர்களைக் கேட்டில் நூற்றுக்கணக்கில் பார்க்கிறேன். லெதர் பந்தைக் கையில் பிடித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் உயரும் கைகள் குறைவு.

லீக்கில் மின்னியவர்களின் பாதையைக் கவனித்தாலும் இது தெரியும். நடராஜனும் சென்னைக்குப் போய் லீக் ஆடிப் பக்குவப்பட்ட பிறகுதான் இந்த மேடைக்கு வந்தார். மேடையை மாவட்டத்துக்குக் கொண்டு வந்துவிட்டோம், ஒத்திகைக் கூடம் இன்னும் சென்னையில்தான் இருக்கிறது. நெல்லை எக்ஸ்பிரஸ் இன்றைக்கும் அதே கனவோடு பையன்களை ஏற்றிக்கொண்டுதான் போகிறது.

ஒரு மாதம் நடக்கும் போட்டிக்கு ஊர்ப் பெயரை எடுத்துக்கொள்கிற அணி, மிச்சப் பதினொரு மாதத்துக்கும் அந்த ஊருக்குக் கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடனைத் தீர்ப்பது பெரிய காரியம் இல்லை. அணிக்கு ஒரு மைதானம், அதில் இரண்டு புல் ஆடுகளம், சம்பளத்துக்கு ஒரு பயிற்சியாளர், ஒரு களப் பராமரிப்பாளர். வள்ளியூரிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் வரும் அரசுப் பள்ளிப் பையனுக்குப் பஸ் காசும் ஒரு வேளைச் சோறும். மாவட்ட லீக்கில் அதிக விக்கெட் எடுத்தவனுக்கும் அதிக ரன் எடுத்தவனுக்கும் ஏலத்துக்கு முன்பே அந்த ஊர் அணியில் நிச்சயமாக ஓர் இடம். இதைச் சங்கம் விதியாகவே எழுதிவிடலாம். ஒரே ஒரு வீரர் தன் சம்பாத்தியத்தில் சின்னப்பம்பட்டியில் செய்ததை, எட்டு அணிகளும் ஒரு சங்கமும் சேர்ந்து எட்டு ஊரில் செய்ய முடியாதா?

இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் கணக்கு வேறு மாதிரி. "நீரு மைதானம் கேளும் வே. நான் ஞாயித்துக்கெழம காலையில ரெண்டு மணி நேரம் தாரேன். இடக்கையில போடுத பயலுவ எவன் வந்தாலும் சொல்லிக் குடுக்கேன்." சொன்னபடி செய்கிறார். ஒரு பள்ளி நிர்வாகம் ஞாயிறு காலை மட்டும் கேட்டைத் திறந்துவிடச் சம்மதித்தது. புல் இல்லை, மேட்தான்; ஆணி அடிக்கிற வேலையைப் பையன்களே கற்றுக்கொண்டுவிட்டார்கள். அவர்களில் ஒருவனாவது, எந்த ஊர் என்று யாராவது கேட்டால், இந்த ஊர்தான் என்று சொல்கிற நாள் வர வேண்டும். அந்த நாள் வரும்வரை சட்டையில் இருக்கும் பெயர் இரவல் பெயர்தான். அதைச் சொந்தமாக்கும் வேலை மாவட்டங்களில் இருக்கும் நம் கையில் பாதி, லீக் நடத்துகிறவர்கள் கையில் பாதி. நம் பாதியை நாங்கள் தொடங்கிவிட்டோம்.